புது ஸ்பீக்கர், பழைய குரல்: கிட்டார் ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் தேர்வதும் பழக்குவதும்

ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபயர்) சத்தம் பிடிக்கவில்லை என்றால் கிட்டார் வாசிப்பவர்கள் முதலில் அதற்குள் சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வை மாற்றுவார்கள். அடுத்து ஒலியை மாற்றும் ஒரு பெடல் வாங்குவார்கள். எல்லாம் செய்து பார்த்து அலுத்த பிறகுதான் ஸ்பீக்கர் பக்கம் திரும்புவார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பணமும் மிச்சம், நேரமும் மிச்சம் என்பது என் அனுபவம். ஒரே வகை வால்வில் ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் உள்ள வேறுபாட்டைக் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும். ஸ்பீக்கரை மாற்றினால் பக்கத்து அறையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

காரணம் எளிது. வீட்டில் பாட்டு கேட்கும் ஸ்பீக்கரின் வேலை, வந்ததை வந்தபடி கொடுப்பது. கிட்டார் ஸ்பீக்கர் அப்படி அல்ல; அதுவும் வாத்தியத்தின் ஒரு பாகம். சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி மளமளவென்று சரிந்துவிடும். அந்தச் சரிவு இல்லாவிட்டால் எலெக்ட்ரிக் கிட்டாரின் டிஸ்டார்ஷனை, அதாவது வேண்டுமென்றே உடைய விடும் ஒலியை, கேட்கவே முடியாது. கிட்டார் ஆம்ப்பின் சிக்னலை நேராக ஹெட்ஃபோனில் கேட்டவர்களுக்கு அந்தக் கரகரப்பு காதைக் குடைவது தெரிந்திருக்கும். கீழ்ப்பக்கமும் அப்படித்தான். கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதற்கு வெகு கீழே ஸ்பீக்கருக்கு வேலை இல்லை.

இந்தக் குணங்களை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் ஆம்ப் செய்யத் தொடங்கியபோது, கிட்டாருக்கென்று தனியாக ஸ்பீக்கர் எதுவும் சந்தையில் இல்லை. ரேடியோவுக்கும் பொது ஒலிபெருக்கிக்கும் சிகாகோவின் ஜென்சன் கம்பெனி செய்துவந்த ஸ்பீக்கர்கள் கையில் கிடைத்தன. 12 அங்குல பி12ஆர், 10 அங்குல பி10ஆர் போன்றவை அப்படித்தான் 1950களின் ஃபெண்டர் ஆம்ப்களுக்குள் வந்தன. 1950களின் கடைசியில் வந்த பாஸ்மேன் ஆம்ப்பில் நான்கு 10 அங்குல ஜென்சன்கள். அந்த ஆம்ப்பின் பெயரே பாஸ் கிட்டாருக்கானது என்று சொல்கிறது. அதைக் கொண்டாடியவர்கள் என்னவோ கிட்டார் வாசித்தவர்கள்தான்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி15, ஏசி30 ஆம்ப்களுக்கு செலஸ்டியன் கம்பெனியின் 15 வாட்ஸ் 'புளூ' ஸ்பீக்கர் போனது. லண்டனில் ஜிம் மார்ஷல் 1962இல் பாஸ்மேனின் சர்க்யூட்டை அடியொற்றி ஜேடிஎம்45 ஆம்ப்பைச் செய்தார். அதற்குத் துணையாக நான்கு 12 அங்குல செலஸ்டியன்களை மூடிய பெட்டிக்குள் அடுக்கினார். 1960களின் நடுவில் காந்தம் மாறி, பின்பக்கம் பச்சை பிளாஸ்டிக் மூடியோடு ஜி12எம் வந்தது. இன்று எல்லோரும் 'கிரீன்பேக்' என்று சொல்வது அதைத்தான். முதலில் 20 வாட்ஸ், பிறகு 25 வாட்ஸ். அதைவிடக் கனத்த காந்தம் கொண்ட ஜி12எச் 30 வாட்ஸ். இன்று விண்டேஜ் வகை என்று விற்கப்படும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை இந்த நாலைந்து குடும்பங்களின் வாரிசுகளே.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. இன்றைய கணக்கில் இவை வாட்ஸ் குறைந்தவை. காந்தத்துக்குள் ஆடும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் காகிதக் குழாயின் மேல் சுற்றப்பட்டது, அது ஆட்டும் கூம்பான கோன் மெல்லிய காகிதம், ஓரமும் அதே காகிதத்தின் மடிப்பு. எடை குறைவாக இருந்ததால் கொஞ்ச சக்திக்கே நிறையச் சத்தம் வந்தது. அன்றைய ஆம்ப்களில் பல 15, 20 வாட்ஸுக்கு மேல் போகாதவை என்பதால் இது அவசியமாகவும் இருந்தது. அந்த மெல்லிய கோன்தான் அந்தக் காலத்துக் குரலுக்கு மூலம். தாழ்ந்த சுரங்களில் கோன் முழுவதும் ஒரே துண்டாக முன்னும் பின்னும் போகும். ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகு அதன் ஒவ்வொரு பகுதியும் தன் போக்கில் அதிரத் தொடங்கும். ஹைஃபை பொறியாளர் இதைக் குறை என்று அடக்கப் பார்ப்பார். கிட்டாரில் இதுதான் சுவை. கோன் வழவழப்பாக இருக்கிறதா, வளைய வளையமாக வரம்பு போட்டிருக்கிறதா, காகிதக்கூழில் என்ன கலந்திருக்கிறது, ஓரத்தில் பிசுபிசுப்பான பூச்சு எவ்வளவு தடவியிருக்கிறது என்பதெல்லாம் இந்த அதிர்வு எங்கே தொடங்கி எப்படிப் பரவும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இவ்வளவு இருக்க, கிட்டார்காரர்களின் பேச்சில் காந்தத்துக்குத்தான் முதலிடம். அல்நிகோவா, செராமிக்கா என்ற சண்டை ஓயவே ஓயாது. இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றும் சேர்ந்த கலவை அல்நிகோ. கோபால்ட் விலை உயர்ந்தது. 1978இல் அன்றைய ஜயர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் நடந்த சண்டையால் அதன் விலை தாறுமாறாக எகிறியது. ஆனால் கிட்டார் ஸ்பீக்கர்கள் அதற்கு வெகு முன்பே, 1960களிலேயே, விலை குறைந்த செராமிக் காந்தத்துக்கு மாறத் தொடங்கிவிட்டன. இன்றும் அல்நிகோ ஸ்பீக்கரின் விலை செராமிக்கைவிடக் கணிசமாக அதிகம். அழுத்தி வாசிக்கும்போது அல்நிகோ கொஞ்சம் அமுங்கி, மென்மையாகப் பதில் சொல்கிறது என்பார்கள். ஆனால் செலஸ்டியன் புளூவையும் கிரீன்பேக்கையும் அருகருகே வைத்துக் கேட்டு 'இதோ காந்தத்தின் வித்தியாசம்' என்று முடிவுகட்டக் கூடாது. அந்த இரண்டுக்கும் கோன் உட்படப் பலதும் வேறு. அதே கிரீன்பேக்கின் பழைய தயாரிப்புகளில் கிட்டாருக்கு 75 ஹெர்ட்ஸ் இயல்பு அதிர்வெண் கொண்ட கோன், பாஸுக்கு 55 ஹெர்ட்ஸ் கோன் என்று இரண்டு உண்டு. காந்தம் ஒன்றாக இருந்தும் இரண்டின் குரலும் வேறு. கையிருப்பு குறைவாக இருந்தால் நல்ல கோன் உள்ள செராமிக் ஸ்பீக்கரை வாங்குங்கள். அல்நிகோவுக்காகக் கடன்பட வேண்டாம்.

ஒரு ஆம்ப்பை எடுத்துக்கொண்டு பார்ப்போம்

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப்: 22 வாட்ஸ், ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர், 8 ஓம்ஸ், பின்பக்கம் பாதி திறந்த பெட்டி. 1960களில் இதில் ஆக்ஸ்ஃபோர்ட் கம்பெனியின் ஸ்பீக்கர் பரவலாக வந்தது. இப்போது விற்கும் '65 மறுதயாரிப்பில் இருப்பது ஜென்சன் சி12கே. இன்றைய ஜென்சன்கள் இத்தாலியில் தயாராகின்றன. சி12கே 100 வாட்ஸ் தாங்கும். 22 வாட்ஸ் ஆம்ப்புக்கு 100 வாட்ஸ் ஸ்பீக்கர் என்றால் எரிந்துபோகும் பயம் இல்லை. ஆனால் அந்தத் தாங்கும் சக்திக்குக் கனமான காயிலும் விறைப்பான கட்டுமானமும் தேவைப்படுகின்றன. வாங்கிய புதிதில் பலர் 'உச்சஸ்தாயி குத்துகிறது, கீழ்ச்சுரம் இறுக்கமாக இருக்கிறது' என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மாற்றுத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது வாட்ஸ். ஆம்ப்பின் 22 வாட்ஸ் என்பது ஒலி உடையாமல் இருக்கும்போது அளந்தது. வால்யூமை முழுக்கத் திருப்பி உடைய விட்டால் அதைவிட நிறையச் சக்தி ஸ்பீக்கருக்குப் போகும். கோட்பாட்டளவில் இரண்டு மடங்கு வரை போகலாம். ஸ்பீக்கருக்குள் போகும் சக்தியில் மிகச் சிறு பங்குதான் ஒலியாகிறது. மற்றதெல்லாம் காயிலில் சூடாகிறது. ஆகவே 25 வாட்ஸ் ஜென்சன் பி12ஆர் அல்லது கிரீன்பேக்கை இந்த ஆம்ப்பில் போட்டால் வீட்டில் பிரச்சினை இல்லை. மேடையில் வால்யூமைப் பத்தில் வைத்து வாசிப்பவருக்கு அது எல்லையில் நிற்கிற காரியம். 35 வாட்ஸ் சி12க்யூ, 40 வாட்ஸ் பி12க்யூ, 50 வாட்ஸ் சி12என் ஆகியவை பழைய குரலையும் கொஞ்சம் நிம்மதியையும் சேர்த்துத் தருபவை. 15 வாட்ஸ் செலஸ்டியன் புளூவை ஒற்றையாக இதில் போடவே கூடாது. அதே குரல் வேண்டும் என்பவர்களுக்கு 50 வாட்ஸ் தாங்கும் செலஸ்டியன் கோல்டு இருக்கிறது.

வாட்ஸைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. விளம்பரத்தில் அது பெரிதாக வராது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் கேட்கும் என்கிற உணர்திறன். கிரீன்பேக்குக்கு 98, 65 வாட்ஸ் ஜி12எம் கிரீம்பேக்குக்கு 97, புளூ, விண்டேஜ் 30 என்ற இன்னொரு மாடல் இரண்டுக்கும் 100 என்று செலஸ்டியன் கொடுக்கிறது. மூன்று டெசிபெல் கூடுவது ஆம்ப்பின் சக்தியை இரட்டிப்பதற்குச் சமம். 97 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபெல் ஸ்பீக்கர் போட்டால் 22 வாட்ஸ் ஆம்ப் 44 வாட்ஸ் ஆம்ப்பின் சத்தத்தோடு பேசும். டிரம்ஸோடு போட்டி போடுபவருக்கு இது வரம். அடுக்குமாடி வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு வாசிப்பவருக்கு அப்படியல்ல. வால்வு கொஞ்சம் சூடேறிக் கனிவதற்குள் கீழ்வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். அவருக்கு உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரே பொருத்தம்.

ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை) விஷயத்தில் விளையாடக் கூடாது. ஆம்ப்பின் பின்னால் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு ஏற்றதைத்தான் வாங்க வேண்டும். இரண்டு 8 ஓம்ஸை பேரலலில் இணைத்தால் 4, சீரிஸில் இணைத்தால் 16. ஃபெண்டர் சூப்பர் ரிவர்ப்பில் நான்கு 8 ஓம்ஸ் பேரலலில் சேர்ந்து 2 ஓம்ஸ் ஆகிறது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்பீக்கர் மாற்றும் அவசரத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

பெட்டியும் கணக்கில் வரும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனுக்குப் பின்னால் ஒரு சுருள்வில் மாதிரி நின்று அதைத் தாங்கிப் பிடிக்கும். திறந்த பெட்டியில் அந்தத் தாங்கல் இல்லை. மார்ஷலின் மூடிய பெட்டியில் ஜம்மென்று இருந்த கிரீன்பேக், திறந்த பெட்டியில் கீழ்ச்சுரம் மெலிந்து நடுச்சுரம் துருத்திக்கொண்டு கேட்டால் அது ஸ்பீக்கரின் தவறு அல்ல.

பழைய சரக்கு வாங்குவோருக்கு

வாரிசு வேண்டாம், அசலே வேண்டும் என்பவர்கள் ஸ்பீக்கரின் உலோகச் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். உதாரணமாக 220832. முதல் மூன்று எண் (சிலவற்றில் இரண்டு) கம்பெனி: 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்ட், 137 என்றால் சிடிஎஸ், 67 என்றால் எமினென்ஸ். அடுத்த 8 வருடத்தின் கடைசி இலக்கம், 32 வாரம். 1958ஆ 1968ஆ என்பதை இந்த எண் சொல்லாது. லேபிள், காந்தத்தின் வடிவம், அது எந்த ஆம்ப்பிலிருந்து வந்தது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எண் அசலாக இருந்தாலும் கோன் அசலாக இருக்க வேண்டும் என்று இல்லை. அறுபது வருடத்தில் ரீகோன் செய்யாத, அதாவது கோனை மாற்றாத, ஸ்பீக்கர்கள் குறைவு. ஓரத்துப் பசை புதிதாக மின்னுகிறதா, நடுவில் உள்ள டஸ்ட் கேப்பின் நிறம் கோனின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நான்கைந்து விரல்களைக் கோனில் வட்டமாகச் சமமாக வைத்து மெல்ல அழுத்தி விடுங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் இடிக்கிறது என்று பொருள். மல்ட்டிமீட்டரில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் ஆறு, ஆறரை காட்டும். முள் அசையாமல் நின்றாலோ வெகு குறைவாகக் காட்டினாலோ காயில் போய்விட்டது. 1.5 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸை ஸ்பீக்கரின் ப்ளஸ்ஸில் ஒரு கணம் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் டி120எஃப் மட்டும் உள்ளே போகும். அந்தக் கம்பெனியின் வழக்கம் அது. இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்துப் போடுபவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று வெளியே வரும்போது இன்னொன்று உள்ளே போனால் கீழ்ச்சுரம் காணாமல் போய்விடும்.

நம் ஊரில் ரீகோன் செய்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சவுண்ட் சர்வீஸ் தொழில் அவர்களை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்கு வரும் கோன் தடிமனானது, தாங்கும் சக்திக்காகச் செய்யப்பட்டது. அதை ஒரு பழைய ஜென்சனில் ஒட்டினால் ஸ்பீக்கர் வேலை செய்யும், ஆனால் அதன் குரல் போய்விடும். கடற்கரை ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. காயில் ஆடும் இடைவெளியில் இரும்பு துருப்பிடித்து, அந்தத் துகள் காயிலை உரசும். வெளியூரிலிருந்து அசலை வரவழைப்பவர்கள் காந்தத்தின் பின்பக்கத்தை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

பழக்குவது

புது மிருதங்கம் வாசிக்க வாசிக்கப் பதப்படுகிற மாதிரி ஸ்பீக்கரும் பதப்படும் என்று சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். காதுதான் பழகுகிறது, ஸ்பீக்கர் அப்படியேதான் இருக்கிறது என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. காயிலை நடுவில் நிறுத்திப் பிடிக்கும் ஸ்பைடர் என்பது பிசினில் தோய்த்து, சூட்டில் அழுத்தி, அலை அலையாக வார்த்த துணி. புதிதாக இருக்கும்போது அந்தப் பிசின் விறைப்பாக இருக்கும். கோன் ஆடத் தொடங்கியதும் துணி இழைகளுக்கிடையே பிசின் நுண்ணியதாக உடைந்து இளகுகிறது. கோனின் ஓரத்து மடிப்பும் அப்படியே நெகிழ்கிறது. காந்தத்திலும் காயிலிலும் எந்த மாற்றமும் இல்லை. விறைப்பு குறைவதால் ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் இறங்குகிறது. கீழ்ச்சுரம் கொஞ்சம் திறக்கிறது. கீழே நிறைந்ததால் மேலே குத்துவது குறைந்த மாதிரி கேட்கிறது.

இதை அளந்தே பார்க்கலாம். ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்ப், அதன் ஒரு பக்க அவுட்புட்டில் ஸ்பீக்கரோடு சீரிஸில் ஒரு 100 ஓம்ஸ் ரெசிஸ்டர், போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப், ஏசி வோல்ட்டேஜ் பார்க்க மல்ட்டிமீட்டர். இவை போதும். சத்தத்தை மிகக் குறைவாக வைத்து 60 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் ஸ்பீக்கரின் இரு முனைக்கு இடையே வோல்ட்டேஜ் ஏறி, ஓர் இடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். அந்த உச்சம்தான் இயல்பு அதிர்வெண். அதைக் காந்தத்தின் மேல் பென்சிலால் எழுதிவையுங்கள். பழக்கிய பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். எண் இறங்கியிருந்தால் காது ஏமாற்றவில்லை என்று அர்த்தம். ஸ்பீக்கர் சூடாக இருக்கும்போது அளக்க வேண்டாம். ஓர் இரவு ஓய்வுக்குப் பிறகு அளந்தால்தான் நிலைத்த மாற்றம் தெரியும். வாசித்த கையோடு வரும் நெகிழ்வில் ஒரு பகுதி திரும்ப இறுகிவிடும்.

பழக்குவதற்குச் சிறந்த வழி வாசிப்பதுதான். ஆம்ப்பில் பாஸைக் கொஞ்சம் கூட்டி, உடையாத ஒலியில், நடுத்தர சத்தத்தில், ஆறு கம்பியையும் திறந்து அடிக்கும் கார்டுகளை வாசியுங்கள். கோன் நன்றாக ஆட வேண்டும், ஆனால் தடதடவென்று முட்டக் கூடாது. லூப்பர் பெடல் வைத்திருப்பவர்கள் ஒரு பத்து நிமிடத்தைப் பதிந்து ஓடவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இறுக்கத்தின் பெரும்பகுதி ஆரம்ப மணிநேரங்களிலேயே போய்விடும். அதற்குப் பிறகு வரும் மாற்றம் மெல்ல, மாதக்கணக்கில் வருவது. 100 வாட்ஸ் தாங்கும் கனத்த ஸ்பீக்கரை 22 வாட்ஸ் ஆம்ப்பில் வீட்டுச் சத்தத்தில் வாசித்தால் கோன் அசைவதே கண்ணுக்குத் தெரியாது. சி12கே பழக நாளாகிறது என்று சொல்வதன் காரணம் இதுதான். மெல்லிய பி12ஆர் சீக்கிரம் வழிக்கு வந்துவிடும்.

சத்தம் போட வழியில்லாதவர்கள் ஸ்டீரியோ ஆம்ப்பில் தாழ்ந்த சுரம் நிறைந்த இசையை ஓடவிடலாம். இரண்டு ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் அவற்றை முகத்தோடு முகம் வைத்து, ஒன்றின் ப்ளஸ் மைனஸை மாற்றி இணைத்தால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். சத்தம் வெகுவாக அடங்கும், கோன் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்சாரத்தின் இரைச்சலையே கொடுப்பவர்களும் உண்டு. 6.3 வோல்ட்டை 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் அதிகபட்சம் ஐந்து வாட்ஸ் என்று கணக்கு வரும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். பெட்டியில் இல்லாத, வாட்ஸ் குறைந்த ஸ்பீக்கரை ஒரே அதிர்வெண்ணில் மணிக்கணக்காக ஆட்டுவது எனக்கு உவப்பில்லை.  டிம்மரையோ வேரியாக்கையோ நேராக ஸ்பீக்கரில் இணைப்பதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அவை மின்சாரத்தைக் குறைக்கும், ஆனால் லைனிலிருந்து பிரிக்காது. தொட்டால் உயிர் போகும்.

சிலர் கோனில் தண்ணீர் தெளிப்பது, ஓரத்தில் எண்ணெய் தடவுவது, பசையைக் கரைத்துப் பூசுவது என்று இறங்குவார்கள். பூச்சு ஏறினால் எடை ஏறும், எடை ஏறினால் அதிர்வெண் இறங்கும், உச்சம் மங்கும். இதையே கம்பெனிகள் அளந்து செய்கின்றன. நம் கையில் செய்தால் திரும்ப எடுக்க வழியில்லை.

தீர்ப்புச் சொல்வதற்கு முன் எங்கே நின்று கேட்கிறோம் என்பதையும் பாருங்கள். 12 அங்குல ஸ்பீக்கர் உச்ச ஒலியை நேர்முன்னால் ஒடுங்கிய கற்றையாக வீசுகிறது. முன்னால் காது உயரத்தில் உட்கார்ந்து கேட்டால் எந்த ஸ்பீக்கரும் குத்தும். இரண்டடி விலகி நின்றால் அதே ஸ்பீக்கர் மென்மையாகிவிடும். மைக் வைத்துப் பதிவு செய்து ஒப்பிடுபவர்கள் மைக்கின் இடத்தைக் கோனுக்கு முன்னால் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு அங்குலம் நகர்ந்தாலும், பழக்கியதால் வந்த மாற்றத்தைவிடப் பெரிய மாற்றம் பதிவில் வந்துவிடும்.

பழக்கினால் குணம் மாறாது. விறைப்பு மட்டுமே போகும். விண்டேஜ் 30இன் நடுச்சுரத் துருத்தல் பிடிக்காதவர் ஒரு வருடம் வாசித்தாலும் அது கிரீன்பேக் ஆகாது. இருபது மணிநேரம் நன்றாக வாசித்த பிறகும் ஒரு ஸ்பீக்கரின் அடிப்படைக் குரல் பிடிக்கவில்லை என்றால் நூறு மணிநேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கீறலாக ஒரு உரசல், ஒரே ஒரு சுரத்தில் மட்டும் வரும் பிசிறு, தாழ்ந்த சுரத்தில் ஒரு தட்டல் ஆகியவை பழகப் பழகப் போகக்கூடிய இறுக்கம் அல்ல, தயாரிப்பில் வந்த பழுது. முதலில் பெட்டியின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா, அதன் முன்பக்கத் துணி அதிர்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்பீக்கரேதான் காரணம் என்று உறுதியானால், ஒயரைப் பற்றவைக்காமல் கிளிப் போட்டுச் சோதித்த நிலையிலேயே வாரண்டியில் திருப்பி அனுப்பிவிடுங்கள். சால்டர் ஈயம் பட்ட முனையைக் கண்டால் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை.